பிரேக்கில் கால் வைக்காத இரண்டு விநாடி

(நமது சங்கத்தின் மாதாந்திரத் திரையிடலில் ‘சென்னா’ ஆவணப்படம் முடிந்த பிறகு, சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீஸ் போர்டில் ‘சனிக்கிழமை மாலை சென்னா’ என்று மட்டும் எழுதியிருந்ததால், பி பிளாக் மாமி ஒருவர் என்னை லிஃப்டில் நிறுத்தி, “பட்டூராவும் உண்டா?” என்று கேட்டார். பட்டூரா இல்லை, டீயும் மசால் வடையும்தான். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்ல ஆசை. ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. டீயை நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கார் பந்தயத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. பி.காம். படித்தேன், 36 வருஷம் பேங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். என் காரில் நாலாவது கியரை நான் தொட்டதே அபூர்வம். 2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்காக ஓட்டினபோதுதான் ஃபார்முலா ஒன் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். இந்தப் படத்தைப் போன மாதம் என் பேரன் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காகத்தான் செயலாளரிடம் நானாகவே போய், படம் முடிந்ததும் பேச இருபது நிமிடம் கேட்டேன்.

வெளியூர் போனதால் இன்றைக்கு வர முடியாதவர்கள் செய்திமடலில் படிப்பார்கள். அவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அயர்ட்டன் சென்னா பிரேசில்காரர். 1960-ல் சாவோ பாலோவில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1984-ல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். 1988, 1990, 1991 என்று மூன்று முறை உலக சாம்பியன். ஜெயித்த பந்தயங்கள் 41. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் தகுதிச் சுற்று வைப்பார்கள். அதில் யார் மிக வேகமாக ஒரு சுற்றை முடிக்கிறாரோ அவருக்கு வரிசையில் முதல் இடம். அதைப் போல் பொசிஷன் என்பார்கள். அந்த முதல் இடத்தை சென்னா 65 முறை பிடித்தார். 1994 மே 1-ந் தேதி இத்தாலியில் இமோலா பந்தயத்தில் இறந்துபோனார். அப்போது வயது 34.

படத்தை இயக்கியவர் ஆசிஃப் கபாடியா, எழுதியவர் மனிஷ் பாண்டே. கபாடியா லண்டனில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 2010-ல் வந்த இந்தப் படத்துக்கு பிரிட்டிஷ் பாஃப்டா விருது கிடைத்தது. பொதுவாக ஆவணப்படம் என்றால் புத்தக அலமாரிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பழைய கதை சொல்வார். இதில் அப்படி ஒருவர்கூடத் திரையில் வரவில்லை, கவனித்தீர்களா? எல்லாமே அந்தக் காலத்தில் எடுத்த காட்சிகள். இப்போது பேசுகிறவர்களின் குரல் மட்டும் பின்னால் கேட்கிறது. அதனால் நாம் 1984-லேயே, 1990-லேயே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவர் சாகப்போகிறார் என்பது நமக்குத் தெரியும், திரையில் இருக்கிறவருக்குத் தெரியாது. அந்த வேதனைதான் ஒண்ணே முக்கால் மணி நேரம் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது.

திறமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கண்ணால் பார்த்தீர்கள். 1984 மொனாக்கோவில் கொட்டும் மழை. சின்ன அணி, சுமாரான கார். 13-வது இடத்தில் கிளம்பி, ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். முதலில் போய்க்கொண்டிருந்த பிரான்ஸ்காரர் அலன் ப்ரோஸ்ட்டை நெருங்கும் நேரத்தில் மழை காரணமாகப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். 1991-ல் சொந்த ஊரான சாவோ பாலோவில் ஓடினபோது கியர்பாக்ஸ் கெட்டு, கடைசியில் ஆறாவது கியர் ஒன்றைத்தான் நம்பி ஓட்டி ஜெயித்தார். இறங்கின பிறகு கோப்பையைத் தூக்கக் கையில் பலம் இல்லை. அந்த இடத்தில் இந்தக் கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியும். நானும் துடைத்தேன்.

இப்போது ப்ரோஸ்ட். உண்மையைச் சொன்னால் நான் ப்ரோஸ்ட் கட்சி. அவர் கணக்குப் போட்டு ஓட்டுகிறவர். எங்கே வேகம் வேண்டும், எங்கே டயரைக் காப்பாற்ற வேண்டும், இரண்டாவதாக வந்தாலே போதுமா என்று பார்த்துப் பார்த்து ஓட்டுவார். அவருக்குப் ‘புரொபசர்’ என்றே பெயர். நாலு முறை உலக சாம்பியன்.

1988-ல் சென்னாவும் ப்ரோஸ்ட்டும் மெக்லாரன் என்ற ஒரே அணியில் ஓட்டினார்கள். அந்த வருஷம் 16 பந்தயம். 15-ஐ மெக்லாரன் ஜெயித்தது. சென்னாவுக்கு எட்டு, ப்ரோஸ்ட்டுக்கு ஏழு. ஒரு காமர்ஸ்காரன் ரசிக்கும் விஷயம் இங்கே உண்டு. மொத்தப் புள்ளியைக் கூட்டினால் ப்ரோஸ்ட்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் பட்டம் சென்னாவுக்கு! காரணம், சிறந்த 11 பந்தயங்களின் புள்ளியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அப்படிப் பார்த்தால் சென்னாவுக்கு 90, ப்ரோஸ்ட்டுக்கு 87.

அதே வருஷம் போர்ச்சுகல் பந்தயத்தில், பக்கத்தில் வந்த ப்ரோஸ்ட்டின் காரை சென்னா சுவரை நோக்கி நெருக்கினார். அவ்வளவு வேகத்தில், சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம்தான். ப்ரோஸ்ட் எப்படியோ தாண்டிப் போய் அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். ஆனால் இந்த ஆள் எதற்கும் துணிந்தவர் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது. வழி விடுகிறாயா, இல்லை மோதட்டுமா? முடிவை எதிராளியிடம் தள்ளிவிடுவதுதான் சென்னாவின் முறை. பெரும்பாலோர் வழி விட்டார்கள். புத்தி உள்ளவன் விடுவான் இல்லையா?

1989. ஜப்பானில் சுசுகா. மீதி இருக்கும் இரண்டு பந்தயத்தையும் ஜெயித்தால்தான் சென்னாவுக்குப் பட்டம் கிடைக்க வாய்ப்பு. முடிய ஆறேழு சுற்று இருக்கும்போது, மெதுவாகப் போகவேண்டிய ஒரு வளைவில் சென்னா உள்ளே நுழைந்தார், ப்ரோஸ்ட் திரும்பினார், இரண்டு காரும் பின்னிக்கொண்டு நின்றன. ப்ரோஸ்ட் இறங்கிப் போய்விட்டார். சென்னா காரைத் தள்ளிவிடச் சொல்லி, பக்கத்து வழியாக வெளியே வந்து, உடைந்த மூக்கை மாற்றிக்கொண்டு போய் ஜெயித்தார். ஜெயித்தது செல்லாது என்றார்கள். வளைவைச் சுற்றி வராமல் பக்கத்து வழியில் போனது குற்றமாம். பட்டம் ப்ரோஸ்ட்டுக்கு. சென்னாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் வேறே. அப்போது அமைப்பின் தலைவர் பலெஸ்த்ர், அவரும் பிரான்ஸ்காரர். சென்னாவுக்கு வயிறு எரிந்ததில் தப்பே இல்லை. அடுத்த வருஷம் ஓட்டுநர்கள் கூட்டத்தில், அதே மாதிரி வழி தவறினால் திரும்பி வருவதைவிட நேராகப் போவதே பாதுகாப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்டு சென்னா எழுந்து வெளியே போகிற காட்சி படத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்த்தீர்களா? யாராக இருந்தாலும் அவர் பக்கம்தான் சாய்வோம்.

படத்தின் சாமர்த்தியம் இங்கேதான். நம்மை அவர் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது. பலெஸ்த்ரையும் ப்ரோஸ்ட்டையும் அவர் கண்ணால்தான் பார்க்கிறோம். தன்னைக் காட்டிய விதம் சரியில்லை என்று ப்ரோஸ்ட் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

1990 அக்டோபர் 21. அதே சுசுகா. இந்த முறை கணக்கு தலைகீழ். ப்ரோஸ்ட் ஃபெராரி அணிக்குப் போய்விட்டார். அவர் ஓட்டத்தை முடிக்காவிட்டால் பட்டம் சென்னாவுக்கு. முதல் இடத்தை சென்னா பிடித்தார். ஆனால் அந்த முதல் இடம் தூசியும் குப்பையும் உள்ள பக்கத்தில் இருந்தது. சுத்தமான பக்கத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். மாற்றவில்லை. அப்போதே தீர்மானித்துவிட்டார்: முதல் வளைவில் ப்ரோஸ்ட் முன்னால் போனால் வழி விடுவதில்லை.

பந்தயம் ஆரம்பித்தது. சுத்தமான பக்கத்தில் நின்ற ப்ரோஸ்ட் முந்தினார். முதல் வளைவில் சென்னா உள்ளே புகுந்து நேராக அவர் மேல் போனார். வேகம் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஓட்டத்துக்கு நடுவில் பெட்ரோல் போடக்கூடாது என்ற காலம் அது, இரண்டு காரிலும் டேங்க் நிறையப் பெட்ரோல். பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள். இரண்டும் தூசியைக் கிளப்பிக்கொண்டு மணலில் போய் நின்றன. இருவரும் கீறல் இல்லாமல் இறங்கி நடந்தார்கள். சென்னா உலக சாம்பியன்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது வேறொரு விஷயம். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் ஸ்பெயினில் மார்ட்டின் டோனலி என்பவரின் கார் சுவரில் மோதிச் சிதறியது. அவர் இருக்கையோடு சேர்ந்து சாலை நடுவில் வந்து விழுந்து கிடந்தார். அதைப் படத்தில் பார்த்தீர்கள். உயிர் பிழைத்தார், ஆனால் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அவர் திரும்பவே இல்லை. அந்த இடத்துக்கு சென்னா நேரில் போய் நின்று பார்த்தார். மோதினால் மனித உடம்பு என்ன ஆகும் என்பதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர், மூன்றே வாரத்தில் வேண்டுமென்றே மோதினார்.

வேண்டுமென்றே என்று நானாகச் சொல்லவில்லை. சில நாள் கழித்து, மூன்று முறை சாம்பியனாக இருந்த ஜாக்கி ஸ்டுவர்ட் ஒரு பேட்டியில் அவரை நேருக்கு நேர் கேட்டார். பழைய சாம்பியன்கள் எல்லோரையும்விட நீங்கள் அதிகம் மோதுகிறீர்களே என்ற மாதிரி கேள்வி. சென்னாவுக்குக் கோபம் வந்தது. இடைவெளி தெரிந்தும் அதில் நுழையாதவன் பந்தயக்காரனே இல்லை என்று பதில் சொன்னார். இன்றைக்கும் இளைஞர்கள் டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளத் தகுந்த வசனம் அது. ஆனால் அன்றைக்கு அங்கே இடைவெளி இல்லை. ஒரு வருஷம் கழித்து, 1991-ல், மூன்றாவது பட்டத்தை வென்ற அதே சுசுகாவில் அவரே வாய் திறந்து ஒப்புக்கொண்டார்: போன வருஷம் நடந்தது முன்பே தீர்மானித்துச் செய்தது.

இந்த இடத்தில் என் பேங்க் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மாலை என் கவுண்ட்டரில் நூறு ரூபாய் குறைந்தது. பக்கத்துக் கவுண்ட்டரில் நூறு ரூபாய் கூடுதல். எனக்கு ஒரே சந்தோஷம். “சார், ரெண்டையும் சேர்த்தா டேலி ஆயிடுது” என்றேன். எங்கள் ஹெட் கேஷியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, குறைஞ்சதையும் கூடினதையும் கழிச்சு நேர் பண்ணாதே. ரெண்டையும் தனித்தனியா எழுது. ரெண்டும் தனித்தனித் தப்பு.” அன்றைக்கு எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. ரிடையர் ஆகி வருஷக்கணக்கான பிறகு, இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது.

1989-ல் சென்னாவுக்கு அநியாயம் நடந்ததா? நடந்தது என்றே வைத்துக்கொள்வோம், எழுதுங்கள். 1990-ல் சென்னா செய்தது அநியாயமா? ஆமாம், அதையும் எழுதுங்கள். ஒன்றில் இன்னொன்றைக் கழித்து, கணக்கு நேர் ஆகிவிட்டது என்று புத்தகத்தை மூடக் கூடாது. அன்றைக்குப் பின்னால் வந்த இருபது பேருக்கும் 1989-க்கும் என்ன சம்பந்தம்?

அதேபோல, திறமையையும் இதில் கழிக்கக் கூடாது. 1992-ல் பெல்ஜியத்தில் எரிக் கோமாஸ் என்பவர் மோதி மயங்கிக் கிடந்தார். கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, தீப்பிடிக்கும் அபாயம். மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த பாதையிலேயே சென்னா தன் காரை நிறுத்தி, இறங்கி ஓடிப்போய் எஞ்சினை அணைத்து, கோமாஸின் தலையைப் பிடித்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றியது அவர்தான் என்று கோமாஸே சொல்லியிருக்கிறார். சுசுகாவில் மோதினவரும் இவர்தான், பெல்ஜியத்தில் ஓடினவரும் இவர்தான். நல்லவரா கெட்டவரா என்று ஒரே வரியில் இருப்புக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. இரண்டு பக்கமும் அப்படியே இருக்கட்டும்.

இனி இமோலா. படம் முடியும்போது பின்வரிசையில் யாரோ “இப்படி ஓட்டினா இப்படித்தான் போவான்” என்று சொன்னது காதில் விழுந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது சரியில்லை. அன்றைக்கு சென்னா யாரோடும் மோதவில்லை. யாரையும் நெருக்கவில்லை. முதலில் போய்க்கொண்டிருந்தார். ஏழாவது சுற்றில், டம்பரெல்லோ என்ற வளைவில், கார் திரும்பாமல் நேராகச் சுவரில் போய் மோதியது. காரில் என்ன உடைந்தது என்று இத்தாலியில் கோர்ட் வருஷக்கணக்கில் விசாரித்தது. சக்கரத்தோடு இருந்த ஒரு கம்பி தலைக்கவசத்தைத் துளைத்ததுதான் உயிரை எடுத்தது. அவர் செய்த தவறுக்குக் கிடைத்த தண்டனை அது என்று நாம் தீர்ப்பு எழுதக் கூடாது. மோதியபோது கீறல் இல்லாமல் நடந்து போனார், தப்பே செய்யாத அன்றைக்குச் செத்துப்போனார்.

அந்த மூன்று நாளையும் நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பிரேசில் பையன் பாரிகெல்லோ மோதி ஆஸ்பத்திரிக்குப் போனார். சனிக்கிழமை ஆஸ்திரியாவின் ராட்ஸன்பெர்கர் மோதி இறந்தார். அவர் பெரிய பெயர் இல்லை, அந்த வருஷம்தான் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தவர். சென்னா அழுதார். டாக்டர் சிட் வாட்கின்ஸ் அவரிடம், போதும், விட்டுவிடு, நானும் விடுகிறேன், இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போவோம் என்றார். விட முடியாது என்றார் சென்னா. ஞாயிற்றுக்கிழமை காலை, பிரான்ஸ் டி.வி.க்காக வந்திருந்த ப்ரோஸ்ட்டுக்கு, ஓடுகிற காரிலிருந்தே ரேடியோவில், உன்னை நாங்கள் எல்லோரும் தேடுகிறோம் என்று செய்தி சொன்னார். அதே காலையில் ஓட்டுநர்களைச் சேர்த்து, பாதுகாப்புக்காக ஒரு சங்கத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று பேசினார். மோதல் அவர் காரில் மிச்சமாக இருந்த ஆஸ்திரியக் கொடியைப் பிறகு எடுத்தார்கள். ஜெயித்தால் ராட்ஸன்பெர்கருக்காகக் காட்ட வைத்திருந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் ப்ரோஸ்ட்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? யாரும் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு மெதுவாக ஓட்டுங்கள் என்று புத்திமதி சொல்லவில்லை. டம்பரெல்லோ வளைவையே அடுத்த வருஷம் மாற்றி, வேகத்தைக் குறைத்துத்தான் கடக்க முடியும் என்று ஆக்கினார்கள். ஓட்டுநர் தலையைச் சுற்றிப் பக்கங்களை உயர்த்தினார்கள். 2003-ல் கழுத்தைப் பாதுகாக்கும் பட்டையைக் கட்டாயம் ஆக்கினார்கள். 2014-ல் சுசுகாவில் ஜூல்ஸ் பியாங்கி மோதி, மறு வருஷம் இறக்கும் வரை, கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ஓட்டுநர் ஒருவர்கூட உயிர் இழக்கவில்லை. மனுஷனைத் திருத்திக்கொண்டிருக்காமல் வளைவைத் திருத்தினார்கள். பலன் கிடைத்தது.

இப்போது எனக்குத் தூக்கம் வராத காரணம்.

போன ஆடி மாதம், நம் பேஸ்மென்ட்டின் வெளியே போகும் சரிவில், கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது எல்லோருக்கும் தெரியும். எதிரே வந்த கார் என்னுடையது. உள்ளே வரும் சரிவு வேறு, வெளியே போகும் சரிவு வேறு. அவர் தினமும் வெளியே போகும் சரிவிலேயே உள்ளே வருவார். அவர் பார்க்கிங்குக்கு அது கிட்டம். அதற்கு முன் மூன்று தடவை நான் திடீர் பிரேக் போட்டிருக்கிறேன். ஒரு தடவை என் மனைவியின் நெற்றி முன்னால் இடித்துப் புடைத்துவிட்டது. சொன்னால் “சாரி அங்கிள்” என்பார். மறுநாள் அதே வழி.

கமிட்டி கூடியது. தவறான வழியில் வந்தது அவர் என்பதால் ஆயிரம் ரூபாய் அபராதம். கார் ஓட்டியவர் மீது தவறில்லை என்று மினிட்ஸில் எழுதினீர்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய அப்பா அடுத்த நாள் ஒரு பை நிறைய ஆப்பிளோடு என் வீட்டுக்கு வந்து, “பையன் பண்ணினதுக்கு மன்னிச்சுக்கணும் சார்” என்று கும்பிட்டார். அந்த ஆப்பிளை நான் சாப்பிட்டேன்.

நான் மினிட்ஸில் சொல்லாதது இது. அன்றைக்கு நான் சரிவில் ஏறும்போது, வளைவுக்கு அப்பால் சுவரில் அவர் ஹெட்லைட் வெளிச்சம் விழுந்ததைப் பார்த்தேன். வருவது அவர்தான் என்று தெரியும். இரண்டு விநாடி இருந்தது. வழக்கமாக அந்த வெளிச்சம் பார்த்தால் என் கால் பிரேக்குக்குப் போகும். அன்றைக்குப் போகவில்லை. ‘இது என் வழி. இன்னைக்கு அவனே ஒதுங்கட்டும்’ என்று நினைத்தேன். வேகம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. என் கார் அவரைத் தொடவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் ஒடித்தார், விழுந்தார். ஆறு வாரம் கட்டு. ஒரு பிராக்டிகல் பரீட்சை போயிற்று.

படத்தில் சுசுகாவின் அந்த முதல் வளைவைப் பார்த்தபோது, பேரன் பக்கத்தில் கை தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு நம் சரிவுதான் தெரிந்தது. எனக்கு அநியாயம் நடந்தது உண்மை. வழி என்னுடையது என்பதும் உண்மை. அந்த இரண்டு விநாடியும் உண்மை. பேங்க்கில் விவரம் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம், விவரம் தெரிந்ததும் எடுத்து உரிய கணக்கில் எழுதியாக வேண்டும். நான் விவரம் தெரிந்த தொகையையே ஒரு வருஷமாக சஸ்பென்ஸில் வைத்திருந்தேன். சென்னா ஒப்புக்கொள்ளவும் ஒரு வருஷம்தான் ஆயிற்று. அதில் மட்டும் நானும் சாம்பியனும் சமம்.

போன வாரம் முதலில் வீட்டில் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “என்னங்க, முதல்ல அந்தப் பையன் வீட்டுக்குப் போங்க, அப்புறம் மைக்கைப் பிடிக்கலாம்” என்றாள். போனேன். அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரிடமும் சொன்னேன். அந்த அப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இங்கே சபையில் சொல்லவும் அவர்கள் அனுமதி தந்தார்கள்.

கமிட்டிக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, அந்த மினிட்ஸைத் திருத்தி எழுத வேண்டும். பழைய வரியை அழிக்க வேண்டாம். கீழே புது வரியாக, கார் ஓட்டியவரும் பிரேக் பிடித்திருக்க முடியும், பிடிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார் என எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, எனக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம் போடுங்கள், செக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று, சரிவின் திருப்பத்தில் ஒரு குவிகண்ணாடி, ஒரு ரப்பர் வேகத்தடை, இன்னும் ஒரு விளக்கு. கண்ணாடிச் செலவு என்னுடையது. இனி யாருடைய கோபமும் யாருடைய அவசரமும் அந்தத் திருப்பத்தில் எலும்பை முறிக்காமல் இருக்க, புத்திமதி சுற்றறிக்கை போதாது. வளைவைத் திருத்துவோம்.

முடிக்கிறேன். அன்றைக்கு நான் கிளம்பும்போது அந்தத் தம்பி வாசல் வரை வந்தார். “அங்கிள், நானும் ராங் சைடுலதானே வந்தேன்?” என்றார். நல்ல பிள்ளை, என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

நான் சொன்னேன்: “ஆமாம்ப்பா. அது உன் கணக்கு. இது என் கணக்கு.”

டீ ஆறியிருந்தால் மன்னிக்கவும்.